பவரா, விற்பனையா? ஒரு கேம் கன்சோலின் தலையெழுத்தை எது எழுதுகிறது?

2013 செப்டம்பரில் 'ஃபிஃபா 14' கால்பந்து கேம் வெளியானது. எந்தெந்தக் கருவிகளில் இதை விளையாடலாம் என்ற பட்டியலில் ஒரு வினோதம். பிளேஸ்டேஷன் 2 அதில் இருந்தது. 2000-ல் அறிமுகமான பெட்டி அது. அதன் உற்பத்தி நின்றுவிட்டதாக அந்த ஆண்டு ஜனவரியில் சோனியே சொல்லிவிட்டது. ஆனால், நின்டெண்டோவின் 'வீ யூ' பட்டியலில் இல்லை. அது கடைக்கு வந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது.

மெமரியை மட்டும் எடுத்துக்கொண்டாலே வித்தியாசம் புரியும். பிளேஸ்டேஷன் 2-ல் 32 எம்.பி, வீ யூ-வில் 2 ஜி.பி. அதாவது 64 மடங்கு. இருந்தும் பழைய பெட்டிக்கு கேம் போட்ட இ.ஏ நிறுவனம், புதுப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏன்? 2013 ஜூன் வரை வீ யூ விற்றது சுமார் 36 லட்சம். பிளேஸ்டேஷன் 2 விற்றது 15 கோடிக்கும் மேல். அதில் முக்கால்வாசி பரணில் தூசி படிந்து கிடந்தாலும், மிச்சம் இருப்பதே பெரிய கூட்டம்.

எந்த கன்சோல் கெத்து என்று நண்பர்களுக்குள் சண்டை வந்தால் ஒரு கோஷ்டி கிராஃபிக்ஸைக் காட்டும், இன்னொரு கோஷ்டி விற்பனை எண்ணைக் காட்டும். விற்பனை என்பது கடைசியில் கிடைக்கும் மார்க் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஒரு கட்டத்துக்கு மேல் அதுவே அந்த கன்சோலின் பவராக மாறிவிடுகிறது. எந்த இன்ஜினீயராலும் சிப்பில் வைத்துச் சாலிடர் பண்ண முடியாத பவர். அது எப்படி என்று பார்ப்போம். சிப்பின் பவர் உண்மையிலேயே முக்கியமாகிற இடமும் ஒன்று இருக்கிறது. அதற்கும் வருவோம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

பெட்டியை விற்று மட்டும் இந்தத் தொழிலில் பெரிதாகச் சம்பாதிக்க முடியாது. பல நேரம் நஷ்டத்துக்கே விற்கிறார்கள். எபிக் கேம்ஸுக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கில் 2021-ல் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் அதிகாரி, எக்ஸ்பாக்ஸ் பெட்டிகளை லாபத்துக்கு விற்றதே இல்லை என்று கோர்ட்டில் ஒப்புக்கொண்டார்.

லாபம் அதற்கப்புறம்தான். வெளி ஸ்டூடியோ செய்யும் கேம் விற்றால் அதில் கன்சோல் கம்பெனிக்கு ஒரு பங்கு. டிஜிட்டல் ஸ்டோரில் விற்றால் பொதுவாக 30 சதவீதம். ஆன்லைனில் விளையாட சந்தா தனி. பிரிண்டரை மலிவாகக் கொடுத்துவிட்டு இங்க்கில் வசூல் செய்வார்களே, அதே ஃபார்முலா.

அப்போ, பெட்டி நிறைய வீடுகளில் இருந்தால் ஸ்டூடியோக்கள் தேடி வரும். கேம்கள் நிறைய இருந்தால் பெட்டி இன்னும் விற்கும். சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது கஷ்டம். சுற்றாவிட்டால் தள்ளுவது அதைவிடக் கஷ்டம். கன்சோல் வரலாற்றில் நடந்த பெரிய வெற்றி, தோல்விகள் எல்லாம் இந்த முதல் சுற்றைப் பற்றியவைதான்.

கலர் ஸ்கிரீனை ஜெயித்த பேட்டரி

1989-ல் நின்டெண்டோ 'கேம் பாய்' என்ற கையடக்கக் கருவியை விட்டது. பச்சை பூசின மாதிரி ஒரு ஸ்கிரீன், அதில் நான்கே நான்கு ஷேடுகள். கலர் கிடையாது. ஸ்கிரீனுக்குப் பின்னால் வெளிச்சமும் கிடையாது. ராத்திரி விளையாட வேண்டுமென்றால் டியூப்லைட் அடியில் உட்கார வேண்டும். அதே ஆண்டு அடாரி 'லிங்ஸ்' கலர் ஸ்கிரீனோடு வந்தது. அடுத்த ஆண்டு செகாவின் 'கேம் கியர்' வந்தது. அதுவும் கலர்.

ஸ்பெக் ஷீட்டைப் பார்த்தால் கேம் பாய் அன்றைக்கே காலி ஆகியிருக்க வேண்டும். ஆனால், கேம் கியர் ஆறு பேட்டரிகளை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தது. கேம் பாய் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்தையும் தாண்டி ஓடியது. விலையும் குறைவு. அமெரிக்காவில் பெட்டியோடு 'டெட்ரிஸ்' கேமையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கேம் பாயும் பின்னால் வந்த கேம் பாய் கலரும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன. கேம் கியர் சுமார் 1 கோடி.

இதற்குப் பின்னால் இருந்தவர் குன்பேய் யோகோய். நின்டெண்டோ சீட்டுக்கட்டு தயாரித்துக்கொண்டிருந்த 1960-களில் அங்கே மெஷின்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். எல்லோருக்கும் பழகிப்போன, விலை இறங்கிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்து அதற்குப் புது உபயோகம் கண்டுபிடி என்பது அவருடைய கொள்கை. நின்டெண்டோ இன்றுவரை பெரும்பாலும் அந்த ரூட்டில்தான் போகிறது.

முதலில் வந்தும் தோற்ற செகா

பவர் பற்றிய பேச்சில் கட்டாயம் சொல்ல வேண்டிய பெயர் 'ட்ரீம்காஸ்ட்'. 1998 நவம்பரில் ஜப்பானில் இதை செகா வெளியிட்டபோது, டி.வி-யில் இணைத்து விளையாடும் கன்சோல்களில் இதுதான் டாப். போட்டியாளர்களான பிளேஸ்டேஷனும் நின்டெண்டோ 64-ம் கிராஃபிக்ஸில் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆன்லைனில் விளையாட பெட்டியிலேயே மோடம் வேறு.

விற்பனையாவது சரியில்லையா என்றால், ஆரம்பம் அமர்க்களம். 9-9-99 என்று தேதி குறித்து அமெரிக்காவில் 199 டாலருக்கு இறக்கினார்கள். முதல் 24 மணி நேரத்தில் 9.8 கோடி டாலர் வசூல். அன்றைய தேதியில் பவரும் இருந்தது, விற்பனையும் இருந்தது.

பதினேழே மாதம். 2001 ஜனவரி 31-ல் ட்ரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்துவதாக செகா அறிவித்தது. மொத்தமாக விற்றது சுமார் 91 லட்சம்.

என்ன நடந்தது? அமெரிக்காவில் ட்ரீம்காஸ்ட் வருவதற்கு ஆறு மாதம் முன்பே, 1999 மார்ச்சில், பிளேஸ்டேஷன் 2 வரப்போகிறது என்று சோனி சொல்லிவிட்டது. பழைய பிளேஸ்டேஷன் கேம்கள் அதில் ஓடும். டிவிடி படமும் பார்க்கலாம். டிவிடி பிளேயரே விலை உயர்ந்த பொருளாக இருந்த நேரம் அது. கையில் பழைய கேம் சி.டி-க்கள் வைத்திருந்தவர்களுக்குக் காத்திருப்பதில் எந்த நஷ்டமும் இல்லை. கடையில் இருந்த கன்சோல், இன்னும் கடைக்கே வராத கன்சோலிடம் தோற்றது.

இரண்டாவது காரணம், நம்பிக்கை. இதற்கு முன் செகா விட்ட '32எக்ஸ்' இரண்டே வருடத்தில் கைவிடப்பட்டது. 'சாட்டர்ன்' கன்சோலை 1995 மே மாதம் அமெரிக்காவில் முன்னறிவிப்பே இல்லாமல் சில கடைகளுக்கு மட்டும் கொடுத்து, விடுபட்ட கடைக்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டது. காசு போட்டு வாங்கிய வாடிக்கையாளர், அலமாரியில் இடம் கொடுத்த கடைக்காரர், கேம் செய்த ஸ்டூடியோ என எல்லோரும் ஏற்கெனவே சூடு கண்டவர்கள்.

மூன்றாவது, நம்ம ஃபிஃபா. ட்ரீம்காஸ்ட்டுக்கு ஒரு கேம்கூடச் செய்வதில்லை என்று இ.ஏ ஒதுங்கிவிட்டது. கால்பந்தும் அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆடுவதற்காகவே கன்சோல் வாங்குகிற கூட்டத்துக்கு அப்புறம் அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது? செகா தானே ஸ்போர்ட்ஸ் கேம்கள் செய்தது. நல்ல கேம்கள்தான். ஆனாலும் ஃபிஃபா ஃபிஃபாதானே!

செகாவின் தலைவர் இசாவோ ஒகாவா தன் சொந்தச் சொத்திலிருந்து பெரும் தொகையைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு 2001 மார்ச்சில் காலமானார். அந்த டிசம்பரில், செகாவின் அடையாளமான 'சோனிக்', ஜென்ம விரோதியான நின்டெண்டோவின் கருவிகளில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் செகா வீட்டு கன்சோல் தயாரிக்கவில்லை.

அதே 2001-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸும் இதே பாடத்தைப் படித்தது. பிளேஸ்டேஷன் 2-ஐப் போல இரண்டு மடங்கு மெமரி, உள்ளேயே ஹார்ட் டிஸ்க். ஆனால் விற்றது சுமார் 2.4 கோடி. பிளேஸ்டேஷன் 2-வோ 'இருந்தா அதுக்கு ஒரு வெர்ஷன் போட்டுடலாம்' என்று ஸ்டூடியோக்கள் நினைக்கிற இடத்துக்குப் போய்விட்டது. பிளேஸ்டேஷன் 3 வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆன பிறகும், 2009-ல், ஹைதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜிஸ் உருவாக்கிய 'ஹனுமான்: பாய் வாரியர்' கேம் பிளேஸ்டேஷன் 2-க்குத்தான் வந்தது. இந்தியாவில் கன்சோல் வைத்திருந்தவர்களின் வீட்டில் பரவலாக இருந்தது அந்தப் பெட்டிதான்.

பவர் இருந்தும் ரத்தம் சிந்திய சோனி

'அப்போ ஜெயித்தவன் கையில் பவரும் இருந்தால்?' அதையும் சோனி செய்து பார்த்தது. ஐ.பி.எம், தோஷிபாவுடன் சேர்ந்து உருவாக்கிய 'செல்' பிராசஸரோடு 2006 நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வந்தது. அமெரிக்காவில் விலை 499, 599 டாலர். ஒரு பெட்டியின் தயாரிப்புச் செலவு 800 டாலருக்கு மேல் என்று ஐசப்ளை ஆய்வு நிறுவனம் அப்போது கணக்குப் போட்டது. அதாவது ஒவ்வொரு பெட்டி விற்கும்போதும் நஷ்டம். 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சோனியின் கேம் பிரிவு பார்த்த நஷ்டம் 23,230 கோடி யென்.

செல் பிராசஸர் சாதாரணமானதில்லை. அமெரிக்க விமானப்படை 1,760 பிளேஸ்டேஷன் 3-களைக் கோத்து 2010-ல் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டியது. ஆனால் கேம் செய்கிறவர்களுக்கு அதை வசப்படுத்துவது தலைவலி. பல கேம்கள், ஒரு வருடம் முன்பே வந்த, பழகுவதற்கு எளிதான எக்ஸ்பாக்ஸ் 360-ல் நன்றாக ஓடின. பிளேஸ்டேஷன் 3-ல் திக்கின. பேப்பரில் இருக்கும் பவர் டி.வி-யில் தெரிவதற்கு நடுவில் ஒரு புரோகிராமர் இருக்கிறார். அவருக்குச் சம்பளமும் டெட்லைனும் இருக்கிறது. ஸ்பெக் சண்டை போடுகிறவர்கள் வசதியாக மறந்துவிடும் ஆள் இவர்தான்.

அந்தத் தலைமுறையில் முதலிடம் பிடித்தது யார் தெரியுமா? ஹெச்.டி கூட இல்லாத நின்டெண்டோ 'வீ'. 250 டாலர் விலை, கையை வீசினால் டென்னிஸ் ஆடும் கன்ட்ரோலர். தாத்தா, பாட்டியெல்லாம் பவுலிங் ஆடினார்கள். 10.16 கோடி விற்றது. பிளேஸ்டேஷன் 3, விலையைக் குறைத்து, போராடி, கடைசியில் 8.7 கோடியைத் தொட்டது. எண்ணை மட்டும் பார்த்தால் அதுவும் வெற்றி மாதிரித்தான் தெரியும். சோனியின் கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்லும். விற்பனை எண்ணை மட்டும் வைத்து ஜெயித்தவரைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே கேம், வேற கடை

மறுபடி வீ யூ-வுக்கு வருவோம். 2014-ல் அதில் 'மரியோ கார்ட் 8' வந்தது. 84.6 லட்சம் விற்றது. வீ யூ மொத்தமே சுமார் 1.36 கோடிதான் விற்றது. அதாவது கன்சோல் வாங்கிய நூறு பேரில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இந்த கேமையும் வாங்கியிருக்கிறார்கள். சூப்பர்ஹிட்!

2017-ல் அதே கேமைக் கொஞ்சம் மெருகேற்றி, 'டீலக்ஸ்' என்ற பெயரில் நின்டெண்டோ ஸ்விட்சில் வெளியிட்டார்கள். இதுவரை 6.8 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. ரோடு அதே, கார் அதே, மரியோ அதே. எட்டு மடங்கு வசூல். மாறியது, அதைச் சுற்றியிருந்த கூட்டம் மட்டும்தான். வீட்டில் டி.வி-யிலும் பஸ்ஸில் கையிலும் ஆடலாம் என்ற ஐடியா எல்லோருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டியது. வீ யூ என்பது புது கன்சோலா, வீ-யின் எக்ஸ்ட்ரா பார்ட்டா என்பதே பலருக்குப் புரியவில்லை. அந்தப் பெயரை வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

அப்போ பவர் வேஸ்ட்டா?

இல்லை. பவர் என்பது ரேங்க் இல்லை, பாஸ் மார்க். 35 எடுக்காவிட்டால் ஃபெயில். 35-ஐத் தாண்டிவிட்டால் 80-க்கும் 90-க்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை.

நின்டெண்டோ 64 அந்த பாஸ் மார்க்கைக் கோட்டைவிட்டது, அதுவும் பிராசஸரில் இல்லை, ஸ்டோரேஜில். பிராசஸர் வேகத்தில் அது பிளேஸ்டேஷனை முந்தியது. ஆனால் சி.டி-யில் 650 எம்.பி கிடைக்கும்போது, நின்டெண்டோ அதிகபட்சம் 64 எம்.பி கொள்ளும் கார்ட்ரிட்ஜையே பிடித்துக்கொண்டிருந்தது. அதுவரை நின்டெண்டோவின் பெட்டிகளிலேயே வந்துகொண்டிருந்த 'ஃபைனல் ஃபேன்டஸி' தொடரின் ஏழாவது பாகம், 1997-ல் மூன்று சி.டி-க்களில் பிளேஸ்டேஷனுக்குத் தாவியது. கடைசிக் கணக்கு: பிளேஸ்டேஷன் 10.2 கோடி, நின்டெண்டோ 64 3.3 கோடி.

ஸ்விட்சுக்கும் இந்தப் பிரச்சினை வந்தது. 15 கோடிப் பேர் இருக்கிறார்கள், ஆனால் 'எல்டன் ரிங்', 'சைபர்பங்க் 2077' போன்ற பெரிய கேம்கள் அதில் ஓடாது. கூட்டம் எவ்வளவு இருந்தாலும் வண்டி ஏறவில்லை என்றால் என்ன செய்வது? 2025 ஜூன் 5-ல் ஸ்விட்ச் 2 வந்தபோது முதல் நாளிலேயே சைபர்பங்க் அதில் இருந்தது. நான்கு நாட்களில் 35 லட்சம் பெட்டிகள் விற்றன. ஸ்விட்ச் 2, பவரில் பிளேஸ்டேஷன் 5-க்குக் கீழேதான். பாஸ் மார்க் வந்துவிட்டது, போதும்.

12 டெராஃப்ளாப்ஸ், ஆனாலும்...

இந்தக் கணக்கில் இப்போது மாட்டிக்கொண்டு நிற்பது எக்ஸ்பாக்ஸ். 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலருக்கு வந்தது. கினெக்ட் கேமராவைக் கட்டாயமாகச் சேர்த்ததால் விலை ஏறியது. பிளேஸ்டேஷன் 4 நூறு டாலர் குறைவு, கிராஃபிக்ஸ் பவரும் அதிகம்: 1.31 டெராஃப்ளாப்ஸுக்கு எதிராக 1.84. டெராஃப்ளாப்ஸ் என்பது சிப் ஒரு நொடியில் எத்தனை லட்சம் கோடிக் கணக்குகள் போடும் என்பதற்கான அளவு. போதாக்குறைக்கு, கன்சோல் தினமும் ஒரு முறை இன்டர்நெட்டில் செக்-இன் செய்ய வேண்டும் என்ற விதியை வேறு முதலில் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கினார்கள். பிளேஸ்டேஷன் 4 இறுதியில் 11.7 கோடி விற்றது. மைக்ரோசாஃப்ட் 2015-லிருந்து கன்சோல் விற்பனை எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது.

பிறகு பவர் பக்கம் திரும்பினார்கள். 2017-ல் 6 டெராஃப்ளாப்ஸோடு எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ். 'உலகின் மிக சக்திவாய்ந்த கன்சோல்' என்றே விளம்பரம் செய்தார்கள். அது உண்மையும்கூட. 2020-ல் சீரிஸ் எக்ஸ், 12 டெராஃப்ளாப்ஸ். பிளேஸ்டேஷன் 5-ல் 10.28. இந்த முறையும் பேப்பரில் எக்ஸ்பாக்ஸ்தான் முன்னால். பிளேஸ்டேஷன் 5 இப்போது 8 கோடியைத் தாண்டிவிட்டது.

இதற்கு எக்ஸ்பாக்ஸ் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சர் 2023 மே மாதம் ஒரு பாட்காஸ்ட்டில் சொன்ன விளக்கம் கவனிக்க வேண்டியது. அவர் சிப்பைப் பற்றிப் பேசவில்லை. தோற்கவே கூடாத தலைமுறையில் தோற்றுவிட்டோம் என்றார். 2013-க்குப் பிறகான அந்த வருடங்களில்தான் மக்கள் டிஸ்க்கை விட்டு டிஜிட்டலாக கேம் வாங்க ஆரம்பித்தார்கள். வாங்கியதெல்லாம் பிளேஸ்டேஷன் அக்கவுன்ட்டில் சேர்ந்துவிட்டது. நல்ல கேம் செய்தால் மட்டும் அவர்கள் கன்சோலை மாற்றிவிடுவார்கள் என்பது நடக்காது என்றும் சொன்னார். யோசித்துப் பாருங்கள்: ஐந்தாறு வருடமாக வாங்கிச் சேர்த்த கேம்களை விட்டுவிட்டு, 2 டெராஃப்ளாப்ஸ் அதிகம் என்பதற்காக யாராவது வீடு மாறுவார்களா?

2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் கேம் பிரிவில் 1,900 பேரை வேலையிலிருந்து நீக்கியது. மே மாதம் 'ஹை-ஃபை ரஷ்' கேமுக்காகக் கொண்டாடப்பட்ட டாங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டூடியோவை மூடுவதாக அறிவித்தது. பின்னர் அதைத் தென்கொரியாவின் கிராஃப்டன் வாங்கியது. இதற்கெல்லாம் கன்சோல் விற்பனை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கேம் துறை முழுக்கவே அப்போது ஆட்குறைப்பு நடந்தது. ஆனால் பெட்டிகள் சக்கரத்தைச் சுற்றவில்லை என்றால் கேம்களை வேறு எங்காவது விற்றுத்தான் ஆக வேண்டும். அதைத்தான் மைக்ரோசாஃப்ட் இப்போது செய்கிறது. 'ஃபோர்ஸா ஹொரைஸன் 5', 'கியர்ஸ் ஆஃப் வார்' என ஒவ்வொன்றாக 2025-ல் பிளேஸ்டேஷன் 5-க்குப் போயின.

வாங்கப் போகிறீர்களா?

கன்சோல்கள் முன்பெல்லாம் நாளாக ஆக விலை இறங்கும். இப்போது நேரெதிர். அமெரிக்காவில் 500 டாலருக்கு வந்த சீரிஸ் எக்ஸ், 2025-ல் மட்டும் இரண்டு முறை ஏறி 650 டாலருக்குப் போனது. அதே ஆண்டு பிளேஸ்டேஷன் 5-ம் 550 ஆனது. இவ்வளவு காசு போடும்போது டெராஃப்ளாப்ஸ் பட்டியலைவிட இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, நீங்கள் ஆட நினைக்கும் கேம்கள் அந்தப் பெட்டிக்கு வருகின்றனவா? இன்னொன்று, நண்பர்கள் எதை வைத்திருக்கிறார்கள்? வாரக் கடைசியில் சேர்ந்து ஆட வேண்டும் என்றால் இதுதான் பெரிய கேள்வி, குறிப்பாக வெவ்வேறு கன்சோல்காரர்கள் ஒன்றாக ஆட முடியாத கேம்களில். டிஜிட்டலாக ஏற்கெனவே கேம்கள் வாங்கி வைத்திருந்தால், அந்தக் குடும்பத்திலேயே இருப்பதுதான் பெரும்பாலும் லாபம்.

மைக்ரோசாஃப்ட் இன்னும் பெட்டியைக் கைவிடவில்லை. அடுத்த தலைமுறைக்கான சிப்பை ஏ.எம்.டி-யுடன் சேர்ந்து உருவாக்குவதாக 2025 ஜூனில் அறிவித்தது. நான்கு மாதம் கழித்து, அக்டோபரில், இன்னோர் அறிவிப்பும் வந்தது. 2001-ல் முதல் எக்ஸ்பாக்ஸோடு பிறந்து, அந்தப் பெட்டியை வாங்குவதற்கே காரணமாக இருந்த 'ஹேலோ' கேமைப் புதிதாக மறுஉருவாக்கம் செய்து 2026-ல் வெளியிடுகிறார்கள். எக்ஸ்பாக்ஸில், பி.சி-யில், கூடவே பிளேஸ்டேஷன் 5-லும்.